எந்த நாளிலிருந்து எண்ணினார்கள்? ஸ்டெம் செல் மாற்று: வாசகர் கேள்விகள்

ரத்தப் புற்றுநோய்க்கு ஸ்டெம் செல் மாற்று செய்தால் வெற்றி எத்தனை சதவீதம்? ஒரே எண்ணாகச் சொல்லுங்கள்.

ஒரே எண் கிடையாது. ஸ்டெம் செல் மாற்று என்பது, அதிகளவு கீமோ கொடுத்த பின் ரத்தத்தை உருவாக்கும் மூலச் செல்களை உடலில் ஏற்றுவது. அவை நோயாளியிடமே முன்கூட்டி எடுத்தவையாகவோ கொடையாளருடையவையாகவோ இருக்கலாம். எந்த நோய், தன் செல்லா கொடையாளர் செல்லா, ரெமிஷனில் (சிகிச்சையால் நோய் அடங்கிய நிலையில்) செய்கிறார்களா நோய் இருக்கும்போதே செய்கிறார்களா: இந்த மூன்றும் இல்லாத கேள்விக்கு யாராவது சதவீதம் சொன்னால் நம்பாதீர்கள். மைலோமா என்ற மஜ்ஜைப் புற்றுநோயில் தன் செல் மாற்றின் பக்கவிளைவால் இறப்பவர்கள் நூற்றுக்கு ஓரிருவர். கொடையாளர் மாற்றில் அது பத்தில் ஒருவரிலிருந்து ஐந்தில் ஒருவர் வரை போகலாம். இரண்டையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் அந்த எண் யாருக்கும் பயன்படாது. பரிசோதனை அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடி எழுதுங்கள்.

உடன்பிறந்தவர்கள் மூன்று பேர். ஒருவராவது பொருந்தியே ஆக வேண்டும் அல்லவா?

கட்டாயமில்லை. ஒவ்வொருவரின் திசு வகையும் முழுமையாகப் பொருந்த நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. மூன்று பேரில் ஒருவராவது பொருந்த ஏறக்குறைய 60 சதவீதம். யாருமே பொருந்தாவிட்டாலும் கதவு மூடிவிடவில்லை. பெற்றோரோ பிள்ளையோ அரைப் பொருத்தமுள்ள கொடையாளராகலாம். மாற்று முடிந்த மூன்றாம், நான்காம் நாட்களில் சைக்ளோபாஸ்பமைட் என்ற கீமோ மருந்தைக் கொடுக்கும் முறைதான் இதைச் சாத்தியமாக்கியது. நோயாளியின் உடலைத் தாக்கத் தொடங்கி வேகமாகப் பெருகும், கொடையாளரின் டி செல்களை (நோய் எதிர்ப்பு வெள்ளணுக்களை) அது அழிக்கிறது. ஸ்டெம் செல்களோ தம்மிடம் உள்ள ஒரு நொதியால் தப்பிவிடுகின்றன.

அதே மருந்தைப் பொருத்தமான கொடையாளரின் செல்களைப் பெற்றவர்களிடமும் சோதித்தார்கள். சுமார் 430 பேரைச் சேர்த்த மூன்றாம் கட்ட ஆய்வின் முடிவு 2023இல் வந்தது. கடுமையான ஜி.வி.ஹெச்.டி.யும் (கொடையாளரின் செல்கள் நோயாளியின் உடலைத் தாக்கும் நோய்) இல்லாமல், நோயும் திரும்பாமல் ஓராண்டைக் கடந்தவர்கள் புதிய முறையில் 53 சதவீதம், பழைய முறையில் 35. உயிரோடு இருந்தவர்களை மட்டும் எண்ணினால் இரு பிரிவுக்கும் பெரிய வித்தியாசமில்லை. ஆனாலும் ஜி.வி.ஹெச்.டி.யோடு வாழும் ஆண்டுகள் எப்படிப்பட்டவை என்று அருகிலிருந்து பார்த்தவர்கள் இந்த முன்னேற்றத்தைச் சிறியது என்று சொல்ல மாட்டார்கள்.

அக்யூட் மைலாய்ட் லுகேமியாவில் (வேகமாக முற்றும் ஒரு ரத்தப் புற்றுநோய்) மாற்று செய்துகொண்டவர்கள், செய்யாதவர்களைவிட அதிகம் பிழைக்கிறார்கள் என்று ஒரு மருத்துவமனையின் தகவல் ஏட்டில் படித்தேன். அப்படியிருக்க என் சகோதரியின் மருத்துவர் ஏன் தயங்குகிறார்?

இதே கேள்வி வெவ்வேறு வடிவத்தில் திரும்பத் திரும்ப வருகிறது. அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

மாற்று வரை போவதற்கு முன் ஒரு நோயாளி என்னவெல்லாம் கடக்க வேண்டும்? கீமோவுக்கு நோய் பணிய வேண்டும். தொற்றில் இறக்காமல் இருக்க வேண்டும். கொடையாளர் கிடைக்கும்வரை நோய் திரும்பக்கூடாது. இதயம், நுரையீரல், கல்லீரல் எல்லாம் தாங்க வேண்டும். இதற்கு மூன்று நான்கு மாதங்கள் ஆகின்றன. அதற்குள் இறந்தவர்கள் எந்தக் கணக்கில் சேர்கிறார்கள்? ‘மாற்று செய்யாதவர்கள்’ கணக்கில்.

நூறு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நான்கு மாதங்களில் 20 பேர் இறக்கிறார்கள். மிச்சம் 80 பேரில் 40 பேருக்கு மாற்று நடக்கிறது. மாற்றால் துளியும் பயனில்லை என்றே வைத்துக்கொள்வோம். இரு பக்கத்திலும் பாதிப்பேர் பிழைக்கிறார்கள். மாற்று செய்தவர்களில் 40க்கு 20, அதாவது 50 சதவீதம். செய்யாதவர்களில் 60க்கு 20, அதாவது 33 சதவீதம். பயனே இல்லாத சிகிச்சை இவ்வளவு பெரிய வித்தியாசத்தைக் காட்டிவிட்டது! நீங்கள் படித்த ஏட்டில் யாரும் பொய் சொல்லியிருக்க வேண்டிய அவசியமில்லை. எண்ணத் தொடங்கிய நாள் தவறு, அவ்வளவுதான். எந்த நாளிலிருந்து எண்ணினார்கள், யாரோடு ஒப்பிட்டார்கள் என்று கேட்காமல் எந்த வரைபடத்தையும் நம்பாதீர்கள் என்று நான் ஓயாமல் எழுதுவது இதனால்தான்.

இந்தப் பிழையைத் தவிர்க்க வழி கண்டவர்கள் உண்டு. உடன்பிறந்தவர் பொருந்துவதும் பொருந்தாததும் இயற்கையே போட்ட குலுக்கல். ஆகவே பொருத்தமான உடன்பிறந்தவர் உள்ள எல்லோரையும், மாற்று நடந்தாலும் நடக்காவிட்டாலும், ஒரு பக்கம் வைத்து, இல்லாதவர்களை மறுபக்கம் வைத்து ஒப்பிட்டார்கள். அப்படி நடந்த ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த 2009ஆம் ஆண்டு ஆய்வு தெளிவான விடை தந்தது: முதல் ரெமிஷனில், மரபணு ஆபத்து (புற்றுச் செல்களின் மரபணு மாற்றங்களை வைத்துக் கணிப்பது) நடுத்தரமாகவோ அதிகமாகவோ உள்ளவர்களுக்குக் கொடையாளர் மாற்றால் பயன் உண்டு, ஆபத்து குறைந்த வகைக்கு அந்தப் பயன் தெரியவில்லை. உங்கள் சகோதரியின் மருத்துவர் தயங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். சகோதரியின் மரபணு அறிக்கை என்ன சொல்கிறது என்று கேட்டீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

யாருக்கு எந்தச் சிகிச்சை என்று குலுக்கிப் போட்டு ஒப்பிடும் குலுக்கல் ஆய்வுக்குக் காத்திருக்காமல் பாய்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு மார்பகப் புற்றுநோயின் வரலாறே சாட்சி. 1990களில் அதிகளவு கீமோவும் தன் செல் மாற்றும் பல்லாயிரம் பெண்களுக்குச் செய்யப்பட்டன. ஆதாரம்? தேர்ந்தெடுத்த நோயாளிகளைப் பழைய பதிவுகளோடு ஒப்பிட்ட சிறிய ஆய்வுகள். 1999இல் குலுக்கல் ஆய்வுகளின் முடிவுகள் வந்தபோது பயன் இருப்பதாகக் காட்டியது தென்னாப்பிரிக்காவின் வெர்னர் பெஸ்வோடாவின் ஆய்வு மட்டுமே. மறு ஆண்டு தணிக்கையாளர்கள் நேரில் போய்ப் பதிவேடுகளைப் பார்த்தபோது அதுவும் மோசடி என்று தெரிந்தது. பயனில்லாத சிகிச்சையின் வேதனையை அந்தப் பெண்கள் அனுபவித்தார்கள், சிலர் அதனாலேயே இறந்தார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

ஒரே உருவ இரட்டையர் என் தம்பி. அவனைவிடச் சிறந்த கொடையாளர் உண்டா?

லுகேமியாவில் உண்டு. இரட்டையரிடமிருந்து பெற்றால் ஜி.வி.ஹெச்.டி. அநேகமாக வராது, ஆனால் நோய் திரும்புவது அதிகம். 1990இல் வெளியான பெரிய பதிவேட்டு ஆய்வு இதைக் காட்டியது. கொடையாளரின் டி செல்கள் மிச்சமிருக்கும் லுகேமியாவை அந்நியமாகப் பார்த்துத் தாக்குவதுதான் இந்தச் சிகிச்சையின் பாதி பலம். உங்கள் தம்பியின் செல்களுக்கு உங்கள் உடலில் எதுவுமே அவ்வளவாக அந்நியமில்லை.

பிறந்த குழந்தையின் தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமித்துவைத்தால், பின்னாளில் அவனுக்கே லுகேமியா வந்தால் உதவுமா?

பெரும்பாலும் உதவாது. குழந்தைப் பருவ லுகேமியா பலவற்றில் முதல் மரபணு மாற்றம் கருவிலேயே நிகழ்ந்துவிடுகிறது. சேமித்த ரத்தத்திலும் அது இருக்கலாம். மேலே சொன்ன தாக்கும் பலமும் தன் செல்லுக்கு இல்லை. பொது வங்கிக்குக் கொடுத்தால் இன்னொருவருக்காவது உதவும்.

அப்பாவுக்கு மைலோமா, வயது 61. புதிய மருந்துகள் இருக்கும்போது தன் செல் மாற்று எதற்கு?

நியாயமான கேள்வி, நோயின் பெயரும் வயதும் எழுதியதற்கு நன்றி. சுமார் 720 பேரைக் கொண்ட ‘டிடெர்மினேஷன்’ ஆய்வு 2022இல் வெளிவந்தது. மும்மருந்துச் சிகிச்சையோடு உடனே மாற்றும் செய்தால் நோய் முற்றாமல் இருந்த காலம் 67 மாதம், மருந்து மட்டும் என்றால் 46. ஆனால் ஆறு ஆண்டுக் கணக்கில் இரு பிரிவிலும் உயிர்வாழ்வு ஒன்றுபோலவே இருந்தது. மாற்று செய்தவர்களில் பத்துப் பேருக்குப் பின்னர் லுகேமியாவோ அதற்கு முந்தைய நிலையோ வந்தது. மற்ற பிரிவில் யாருக்கும் வரவில்லை. ஆகவே தள்ளிப்போடுவது தவறான முடிவு அல்ல. ஸ்டெம் செல்களை மட்டும் முதலிலேயே எடுத்து உறையவைத்துவிடுங்கள். மைலோமா மருந்தான லெனலிடோமைடை நெடுநாள் எடுத்தபின் போதுமான செல் கிடைப்பது கடினமாகிவிடும்.

லிம்போமா (நிணநீர்ப் புற்றுநோய்) ஆறே மாதத்தில் திரும்பிவிட்டது. கார்-டி செல்லா, தன் செல் மாற்றா?

எந்த லிம்போமா என்று எழுதவில்லை. பெரிய பி செல் வகை என்று எடுத்துக்கொண்டு சொல்கிறேன். கார்-டி என்பது நோயாளியின் டி செல்களையே எடுத்து, புற்றைத் தாக்கும்படி மாற்றி, திரும்ப ஏற்றுவது. ஓராண்டுக்குள் திரும்பினால் கார்-டி பக்கம்தான் ஆதாரம் அதிகம். ‘ஜூமா-7’ ஆய்வில் நான்கு ஆண்டு உயிர்வாழ்வு கார்-டி பிரிவில் 55 சதவீதம், மாற்றுக்கென ஒதுக்கிய பிரிவில் 46 என்று வந்தது. இதை நான் மதிக்க இன்னொரு காரணம்: மறுபிரிவில் மூன்றில் ஒரு பங்கினர்தான் உண்மையில் மாற்று வரை போக முடிந்தது, போக முடியாதவர்களையும் அந்தப் பிரிவிலேயே வைத்து, குலுக்கல் போட்ட நாளிலிருந்தே எண்ணினார்கள். எண்ண வேண்டிய முறை அதுதான். ஓராண்டுக்குப் பின் திரும்பி, கீமோவுக்குப் பணியும் நோய்க்குத் தன் செல் மாற்று இன்றும் நல்ல வழி.

மாற்றுக்குப் பிறகு ரத்த வகை மாறுமா?

கொடையாளர் மாற்றில், அவருடைய வகை வேறாக இருந்தால் மாறும். சில மாதங்களில் கொடையாளரின் வகையாகிவிடும். குழந்தைப் பருவத் தடுப்பூசிகளையும் மறுபடி போட வேண்டும். உயிருள்ள கிருமி கொண்டவை மட்டும் இரண்டு ஆண்டுகளுக்கு முன் கூடாது.

ஆய்வில் சேரச் சொல்கிறார்கள். பிடிக்காவிட்டால் பாதியில் விலகலாமா?

ஆய்விலிருந்து எப்போது வேண்டுமானாலும் விலகலாம். காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை. சிகிச்சையிலிருந்து அப்படி விலக முடியாது. மஜ்ஜையை அழிக்கும் தயாரிப்புக் கீமோ முடிந்துவிட்டால், ஸ்டெம் செல்லை ஏற்றிக்கொள்ளாமல் வீடு திரும்புவது உயிருக்கே ஆபத்து. எந்த நாள் வரை மனம் மாறலாம், அதன் பின் எது ஆய்வுக்காக, எது சிகிச்சைக்காக என்று மருத்துவரிடம் கேட்டு, பதிலை ஒப்புதல் படிவத்தின் ஓரத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.