அரசின் வேளாண் விரிவாக்கத் திட்டங்களால், அதாவது சாகுபடி முறைகளை விவசாயிகளிடம் கொண்டுசேர்க்கும் திட்டங்களால், வளரும் நாடுகளின் சிறு விவசாயிகளுக்கு உண்மையில் பயன் உண்டா?

உண்டு. ஆனால் வயலில் நடப்பதைக் கேட்டுக்கொள்ளத் தயாராக இருக்கும் திட்டங்களால்தான். மேலிடம் சொன்னதை ஒப்பிக்க மட்டும் ஆள் அனுப்புகிற திட்டம் பணம் வரும்வரை ஓடும், அப்புறம் படுத்துவிடும்.

வேளாண் விரிவாக்க வல்லுநர் டேனியல் பெனோர் வகுத்த 'பயிற்சியும் பார்வையிடலும்' முறை 1970களிலும் 80களிலும் உலக வங்கிக் கடனோடு பல நாடுகளுக்குப் பரவியது. களப்பணியாளருக்கு இரண்டு வாரத்துக்கொரு முறை பயிற்சி. அதை அவர் குறித்த நாளில் முன்னோடி விவசாயிகளிடம் சொல்வார், அவர்கள் அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். அவர் எந்த நாளில் வருவார் என்று விவசாயிக்கு முன்கூட்டியே தெரிந்தது பெரிய விஷயம்தான். உர விற்பனை, கடன் வசூல் போன்ற வேலைகளை அவர் தலையில் கட்டக் கூடாது என்ற விதியும் நல்ல விதி. ஆனால் முன்னோடிகளாகப் பெரும்பாலும் வசதியுள்ள ஆண்களே தேர்வானார்கள். மானாவாரிக்காரரின் கஷ்டம் மேலே போகவே இல்லை. கடன் நின்றதும் பல இடங்களில் சம்பளம் மட்டும் மிஞ்சியது. வயலுக்குப் போய்வரப் பணம் இல்லை.

இந்தோனேசியாவில் நடந்தது வேறு மாதிரி. அங்கே அரசே பூச்சிமருந்துக்குப் பெரும் மானியம் கொடுத்துவந்தது. அடித்த மருந்து, நெற்பயிரின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சியைத் தின்னும் சிலந்திகளையும் வண்டுகளையும் சேர்த்துக் கொன்றதால், அடிக்க அடிக்கப் புகையான் பெருகியது. 1986இல் நெல்லுக்கு 57 மருந்துகளைத் தடை செய்தார்கள். மானியத்தையும் படிப்படியாக நிறுத்தினார்கள். 1989இல் ஐநா உணவு வேளாண்மை அமைப்பின் உதவியுடன் உழவர் வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கின. சுமார் 25 பேர், வாரம் ஒருநாள், பருவம் முழுக்க வயலிலேயே வகுப்பு. செடியைப் பிரித்துப் பார்த்து, பூச்சிகளை எண்ணி, கண்டதைப் படமாக வரைவார்கள். சிலந்தியையும் புகையானையும் ஒரே கூண்டில் விட்டு, எது எதைத் தின்கிறது என்று தாங்களே பார்ப்பார்கள். இந்த வாரம் மருந்து வேண்டுமா என்பதைக் குழுவே பேசி முடிவெடுக்கும். ஒருவர் தன் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டதை எந்தக் கடைக்காரராலும் எளிதில் மாற்ற முடியாது. இவ்வளவு நேர்மையான விரிவாக்க முறையை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

இந்தப் பள்ளிகளுக்குச் செலவு அதிகம் என்ற விமர்சனம் நியாயமானதே. அவற்றில் படித்த விவசாயிகளின் அறிவு பக்கத்து வயல்காரருக்கு அவ்வளவாகப் பரவவில்லை என்றும் ஆய்வு வந்திருக்கிறது. மலாவியில் குழி நடவு, மக்கு உரம் பற்றி நடந்த ஆய்வு இதற்கு ஒரு வழி காட்டுகிறது. தங்களைப் போன்ற நிலமும் நிலைமையும் உள்ள விவசாயி சொன்னதைத்தான் மற்றவர்கள் அதிகம் ஏற்றார்கள். அவருக்கு ஒரு சிறு வெகுமதி இருந்தபோதுதான் அவரும் மெனக்கெட்டுக் கற்றுச் சொன்னார். அடுத்தவருக்காக அவர் செலவிடும் நேரத்தைச் சும்மா எதிர்பார்ப்பது தவறு என்பேன்.

கைபேசித் தகவல்கள் மழை, விலை விவரத்துக்குச் சரி. இலையில் வந்த புள்ளியைப் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும்.

பெண்கள் விஷயத்தில் எனக்குக் கோபமே உண்டு. வளரும் நாடுகளின் விவசாய உழைப்பாளர்களில் சராசரியாக 43 விழுக்காடு பெண்கள் என்று உணவு வேளாண்மை அமைப்பின் 2011 அறிக்கை சொல்கிறது. ஆனால் நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவரைத்தான் பயிற்சிக்குக் கூப்பிடுகிறார்கள். களையெடுப்பவரும் விதை எடுத்து வைப்பவரும் அங்கே இருப்பதில்லை. பட்டாவைப் பார்க்காமல் வேலை செய்பவரைக் கூப்பிடுங்கள். கூட்டத்தை எந்த நேரத்தில் வைக்கலாம் என்று அவர்களிடமே கேளுங்கள். இதற்குப் புதிதாக நிதி எதுவும் தேவையில்லை.