சாயத் துணியின் நிறத்தை எந்த விளக்கில் பார்ப்பது?
திருப்பூரில் சாம்பிளோடு ஒத்துப்போன பனியன் துணி, வாங்குபவரின் கடையில் வேறு நிறமாகத் தெரிவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். வெவ்வேறு சாயக் கலவையில் உருவான இரு துணிகள் ஓர் ஒளியில் ஒன்றாகவும் மற்றோர் ஒளியில் வேறாகவும் தெரிவதை மெட்டாமெரிசம் என்பார்கள். ஆகவே சுமார் 6500 கெல்வின் (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு) கொண்ட டி65 என்ற தரப்படுத்திய பகலொளியில் பார்த்ததோடு நிறுத்தாமல், வாங்குபவர் குறிப்பிடும் கடை விளக்கிலும் (ஐரோப்பிய ஆர்டர்களுக்குப் பெரும்பாலும் 4000 கெல்வின் டிஎல்84 குழல்விளக்கு) கட்டாயம் பார்க்க வேண்டும். இந்த விளக்குகளைப் பொருத்தி நிறம் பார்க்க உதவும் ஒளிப்பெட்டியின் உட்புறம் பளபளப்பில்லாத நடுநிலைச் சாம்பல் நிறத்தில் இருக்க வேண்டும். அங்கே பழைய ஷேடு கார்டுகளை (நிற மாதிரி அட்டைகளை) ஒட்டிவைத்தால், பக்கத்து நிறம் கண்ணை ஏமாற்றிவிடும். குழல்விளக்கு எரிகிறதே என்று விட்டுவிடாமல், எரிந்த நேரத்தைக் குறித்துவைத்து, தயாரிப்பாளர் சொல்லும் மணிக்கணக்கு முடிந்ததும் எல்லாக் குழல்களையும் சேர்த்தே மாற்றுங்கள். குழல் பழசாகும்போது ஒளியின் நிறம் மெல்ல மாறுவதைப் பழகிய கண் கண்டுபிடிக்காது.