மரம் தறிக்க முன் கேட்டவர்களும் தறித்த பின் கேட்டவர்களும்

இந்தக் கோடையில் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விடயம்தான். வீட்டைப் பெருப்பிக்க வேண்டும், பின்வளவில் சிறு வீடு கட்ட வேண்டும், டிரைவ்வேயை அகலமாக்க வேண்டும். மரம் குறுக்கே நிற்கிறது. தறிக்கலாமா? தறித்தால் தண்டம் எவ்வளவு? ஆர்பரிஸ்ற், அதாவது மரநிபுணர், என்ற முறையில் ஸ்காபரோவிலும் மார்க்கம் நகரிலும் நம்மவர் வீடுகளுக்கு நாள்தோறும் போய்வருகிறேன். அதனால் எல்லாவற்றையும் ஒன்றாகத் தொகுத்து, கேள்வியை முதலில் வைத்துப் பதில் எழுதுகிறேன். கீழே உள்ளவை ரொறன்ரோ மாநகர விதிகள். வேறு நகரம் என்றால் அந்த இடத்தில் சொல்லியிருக்கிறேன்.

அம்மா அப்பாவுக்காகப் பின்வளவில் கார்டன் சுவீற், அதாவது தனிச் சிறு வீடு, கட்டப் போகிறோம். நடுவில் பெரிய மேப்பிள் ஒன்று நிற்கிறது. கொன்றாக்டர், "பெர்மிற்றுக்கு அலைஞ்சா ஒரு வருசம் போயிடும். தறிச்சுப்போட்டு 500 டொலர் ஃபைனைக் கட்டுங்கோ, அதுதான் மலிவு" என்கிறார். அப்படிச் செய்யலாமா?

செய்யாதீர்கள். அவர் சொன்ன 500 டொலர் ஆகக் குறைந்த தண்டம். ஆகக் கூடியது 100,000 டொலர், அதுவும் மரம் ஒன்றுக்கு. மூன்று மரம் தறித்தால் மூன்று குற்றம். இதற்கு மேல் 100,000 டொலர் விசேட தண்டமும் விதிக்கலாம். மரத்தை அகற்றியதால் பொருளாதார லாபம் கிடைத்திருந்தால் அந்த விசேட தண்டம் 100,000ஐத் தாண்டவும் இடம் இருக்கிறது. கட்டடம் எழும்பப்போகும் காணிகளை மனதில் வைத்து எழுதப்பட்ட வரி அது. வாடகைக்கு விடக்கூடிய ஒரு வீடு எழும்ப வேண்டும் என்பதற்காகவே மரம் போனது என்றால், லாபம் எது என்று நீதிமன்றம் தேடித் திரிய வேண்டியதில்லை.

தண்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். வேலையை நிறுத்தச் சொல்லியும், பதிலுக்கு மரம் நடச் சொல்லியும் மாநகரம் உத்தரவு போடலாம். அத்திவாரம் தோண்டிய குழியில் மழைத் தண்ணீர் நிற்க, வங்கிக் கடனுக்கு வட்டி ஓட, வேலை நின்றுபோன வளவுகளை நான் பார்த்திருக்கிறேன். கட்டட அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போது மரங்களைப் பற்றிய பிரகடனப் படிவம் ஒன்றிலும் நீங்கள் கையெழுத்து வைக்கிறீர்கள். மரம் இல்லை என்று அதில் பொய் எழுதினால் அது வேறொரு வில்லங்கம்.

கார்டன் சுவீற்றுக்கு மாநகரசபை 2022இல் வழிவிட்டது உண்மை. ஆனால் கட்டலாம் என்ற விதி மரத்தைத் தறிக்கலாம் என்ற அனுமதி ஆகாது. இரண்டும் தனித்தனி விண்ணப்பங்கள். நல்ல மரத்தை அகற்றக் கேட்டால், வரைபடத்தை மாற்றினால் மரம் தப்புமா என்பதைத்தான் முதலில் பார்ப்பார்கள். ஆகவே கட்டட வரைஞரிடம் போவதற்கு முன் மரநிபுணரைக் கூப்பிடுங்கள். எல்லோரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். வரைபடத்துக்குக் காசு கொடுத்து முடித்த பிறகுதான் மரம் கண்ணில் படுகிறது.

உங்களைப் போலவே ஒரு குடும்பத்தின் வளவில், கட்டடத்தை வேலியோரமாக ஒரு பக்கம் தள்ளி, மேப்பிளின் பக்கம் மட்டும் அத்திவாரக் கிடங்கு வெட்டாமல் திருகுத் தூண்களை மண்ணில் இறக்கினோம். அறை ஒன்று கொஞ்சம் சிறுத்தது. இப்போது அந்த வீட்டு அம்மா காலையில் வாசல் படியில் இருந்து கீரை ஆய்வது அந்த மரத்தின் நிழலில்தான்.

என் மரம் பெரிதா சிறிதா என்று எப்படித் தெரியும்?

தையல் அளவுநாடா போதும். நிலத்திலிருந்து 1.4 மீற்றர் உயரத்தில் அடிமரத்தைச் சுற்றி அளவெடுங்கள். சுற்றளவு 94 சென்ரிமீற்றர் வந்தால் விட்டம் 30 சென்ரிமீற்றர். அந்த அளவிலிருந்து மேலே எந்த மரத்துக்கும் அனுமதி வேண்டும். என்ன சாதி மரம் என்று பார்ப்பதில்லை. நோர்வே மேப்பிள் இங்கே பரவிக் கெடுக்கும் மரம் என்று எல்லோருக்கும் தெரியும். அதற்கும் இதே விதிதான். வேர் புடைத்து நிற்கும் அடியில் அளந்துவிட்டுப் பயப்பட வேண்டாம், சரியான உயரத்தில் அளந்து பாருங்கள்.

என் காணி, என் உறுதி, என் வரி. என் மரத்தைத் தறிக்க நான் ஏன் இன்னொருவரிடம் கேட்க வேண்டும்?

கோபம் விளங்குகிறது. ஆனால் நமக்கு இது புதிதல்ல. இலங்கையில் 1951ஆம் ஆண்டின் மரம் தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டப்படி பலா, ஈரப்பலா, பெண்பனை மூன்றையும் சொந்த வளவில் நின்றாலும் அனுமதியில்லாமல் தறிக்க முடியாது. பஞ்சம் வந்தால் சோறு போடும் மரங்கள் என்பதால் அப்படி வைத்தார்கள்.

இங்கே காரணம் நிழலும் வெள்ளமும். மாநகரின் மரக்கூரையை, அதாவது மரங்களின் இலைப்பரப்பு மூடும் நிலத்தை, 2050க்குள் 40 சதவீதமாக உயர்த்துவது ரொறன்ரோவின் இலக்கு. மரங்களில் பெரும்பகுதி நிற்பது பூங்காவில் அல்ல, உங்களையும் என்னையும் போன்றவர்களின் வளவுகளில். நோர்த் யோர்க்கில் கோரல் கேபிள் டிரைவில் 250 வயதைத் தாண்டிய செவ்வோக் மரம் ஒன்று வீட்டுக்குப் பின்னால் நின்றது. அதைக் காப்பாற்ற மாநகரம் அந்த வீட்டையும் காணியையும் விலைகொடுத்து வாங்கியது. பொதுமக்களும் காசு சேர்த்துக் கொடுத்தார்கள். ஒருதரம் போய்ப் பாருங்கள். உங்கள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

எல்லையில் நிற்கும் மரத்தை 20 வருடத்துக்கு முன் நட்டது நான். இப்போது அடிமரம் பெருத்துப் பக்கத்து வீட்டுப் பக்கமும் போய்விட்டது. அவர்கள் தறிக்க விடமாட்டோம் என்கிறார்கள். நட்டவனுக்குத்தானே உரிமை?

இல்லை. ஊரில் கதியால் ஒரு முழம் தள்ளிப் போட்டதற்காகத் தலைமுறை தலைமுறையாகக் கோடேறிய குடும்பங்களை நமக்குத் தெரியும். இங்கே ஒன்ராறியோ வனச் சட்டத்தின் 10ஆம் பிரிவு அந்தச் சண்டையை ஒரே வரியில் முடித்துவிடுகிறது: எல்லையில் நிற்கும் மரம் இரண்டு காணிக்காரருக்கும் பொதுச் சொத்து. யார் நட்டது, யார் தண்ணீர் ஊற்றியது என்பது கணக்கில் இல்லை.

எல்லையில் நிற்பது என்றால் எது என்று ஒரு ரொறன்ரோ வழக்கில் கேள்வி வந்தது. நிலமட்டத்தில் மட்டும் பார்ப்பதா, முழு அடிமரத்தையும் பார்ப்பதா என்பதுதான் பிணக்கு. வேர்க்கழுத்திலிருந்து முதற் கிளை பிரியும் இடம் வரை அடிமரத்தின் எந்தப் பகுதி எல்லையைத் தாண்டினாலும் அது பொது மரம்தான் என்ற தீர்ப்பை ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் 2013இல் உறுதிசெய்தது. உங்கள் மரம் அப்படியே இதற்குள் விழுகிறது. மற்றவரின் சம்மதம் இல்லாமல் தறித்தாலோ காயப்படுத்தினாலோ 20,000 டொலர் வரை தண்டம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மாநகரத்தின் தண்டம் இதற்கு வெளியே.

ஆகவே உங்களுக்கு இரண்டு கடுதாசி வேண்டும்: மாநகரத்தின் பெர்மிற், பக்கத்து வீட்டாரின் கையெழுத்து. ஒன்று மற்றதற்கு ஈடாகாது. எல்லை எங்கே போகிறது என்பதில் ஐமிச்சம் இருந்தால் முதலில் நில அளவையாளரைப் பிடியுங்கள். வேலி நிற்கும் இடம்தான் எல்லை என்று நினைக்க வேண்டாம். கையெழுத்துக் கேட்கப் போகும்போது படிவத்தை மட்டும் நீட்டாதீர்கள். மரம் போனால் அவர்களுக்கு நிழல் போகிறது, யன்னலுக்கு மறைப்புப் போகிறது. அதற்குப் பதில் எங்கே, என்ன மரம் நடுவீர்கள் என்பதையும் சொல்லுங்கள். அப்படிப் போனவர்களுக்குக் கதவு திறந்ததைக் கண்டிருக்கிறேன்.

தறிப்பது கொன்றாக்டர்தானே? தண்டமும் அவருக்குத்தானே?

தறித்தவரும் மாட்டுவார், தறிக்கச் சொன்னவரும் தறிக்க விட்டவரும் மாட்டுவார்கள். "எனக்குத் தெரியாது, அவர்தான் செய்தார்" என்று சொல்லித் தப்ப நினைக்காதீர்கள். பெர்மிற் யார் பெயரில், யார் எடுப்பது என்பதை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். எடுத்த பெர்மிற்றைக் கண்ணால் பார்த்த பிறகே வாளைத் தொட விடுங்கள்.

பின்வளவில் உள்ள ஆஷ் மரம் பட்டுவிட்டது. அதற்கும் அனுமதியா?

முற்றாகப் பட்ட மரம், இனிப் பிழைக்காத நோய் பிடித்த மரம், உடனடியாக விழக்கூடிய ஆபத்தான மரம் ஆகியவற்றுக்குப் பெர்மிற் தேவையில்லை. ஆனால் சும்மா தறித்துவிட்டு இருக்க முடியாது. தறிக்க முன்பு படங்களோடும் மரநிபுணரின் அறிக்கையோடும் மாநகரத்துக்கு அறிவித்து அவர்கள் ஒத்துக்கொள்ள வேண்டும்.

பட்டது என்று முடிவெடுக்குமுன் கிட்டப் போய்ப் பாருங்கள். ஆகஸ்ட் வெயிலில் இலை வாடியதெல்லாம் சாவு அல்ல. சிறு கொப்பு ஒன்றை நகத்தால் சுரண்டுங்கள். தோலுக்குக் கீழே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. ஆஷ் மரத்தில் பட்டையைத் தேடிப் பாருங்கள். உளுந்து அளவில், ஒரு பக்கம் தட்டையாக, அரைவட்டமாகத் துளைகள் இருந்தால் அது மரகதத் துளைப்பான் வண்டு வெளியே போன வழி. உரியும் பட்டையை நீக்கினால் உள்ளே புழு வளைந்து வளைந்து தின்ற பாதை பாம்பு ஊர்ந்த மணல் போல இருக்கும். 2007இல் ரொறன்ரோவில் அந்த வண்டு கண்டுபிடிக்கப்பட்ட பிறகு இந்த நகரத்தின் ஆஷ் மரங்களில் பெரும்பாலானவை போய்விட்டன. உங்கள் மரமும் அப்படியென்றால் காலம் கடத்தாதீர்கள். செத்த ஆஷ் சீக்கிரம் பொறுபொறுத்து முறியும்; தாமதித்தால் அதில் ஏற ஆள் கிடைக்காது.

எங்கள் காணி ஹைலண்ட் கிறீக் பள்ளத்தின் விளிம்பில். கீழே இறங்கும் சரிவில் பெருவிரல் தடிப்பில் சிறு செடிகள்தான். அவற்றை வழித்துவிட்டுப் படிக்கட்டு வைக்கலாமா?

கூடாது. பள்ளத்தாக்குப் பாதுகாப்பு விதிக்குள் வரும் காணியில் 30 சென்ரிமீற்றர் கணக்கு இல்லை. எந்த அளவு மரத்துக்கும் அனுமதி வேண்டும். மண் கொட்டுவதற்கும் மட்டம் மாற்றுவதற்கும் அப்படியே. அந்தச் செடிகளின் வேர்தான் உங்கள் வளவைக் கீழே வழுக்கிப் போகாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஆற்றுப்படுகை அதிகாரசபையின் அனுமதியும் தேவைப்படலாம், அவர்களிடமும் கேளுங்கள்.

மரத்தைத் தொடவில்லை. டிரைவ்வேயை அகலமாக்க வேர் இரண்டைத்தான் வெட்டினோம். அதற்கும் தண்டமா?

ஆம். சட்டத்தின் சொல் "அழித்தல்" மட்டுமல்ல, "காயப்படுத்தல்" என்பதும்தான். வேரை வெட்டுவது, வேரின் மேல் மண்ணைக் குவிப்பது, பொப்கற் என்ற சிறு மண்ணள்ளி இயந்திரத்தை ஓட்டி நிலத்தை இறுக்குவது, சீமெந்துச் சாக்கு அடுக்குவது எல்லாம் அதற்குள் வரும்.

மரத்தின் உயிர் வேர்களில் பெரும்பகுதி மேல் 60 சென்ரிமீற்றர் மண்ணுக்குள்தான் இருக்கிறது. அதனால்தான் மரத்தைச் சுற்றிக் காவல் வட்டம் வைத்திருக்கிறார்கள். 30 முதல் 40 சென்ரிமீற்றர் விட்டமுள்ள மரத்துக்கு அடிமரத்தின் விளிம்பிலிருந்து 2.4 மீற்றர், 41 முதல் 50 வரை 3 மீற்றர், 51 முதல் 60 வரை 3.6 மீற்றர். வேலை தொடங்கமுன் பலகையால் அடைத்து, முடியும்வரை உள்ளே எதையும் வைக்கக்கூடாது. பக்கத்து வீட்டு மரத்தின் வட்டம் உங்கள் வளவுக்குள் வந்தாலும் இதே விதி.

வேர் போன மரம் அடுத்த நாள் விழாது. முதலாம் வருடம் ஒன்றும் தெரியாது. இரண்டாம் வருடம் உச்சிக் கொப்புகளில் இலை சிறுக்கும். பிறகு மேலிருந்து காய்ந்து வரும். அப்போது "நோய் வந்துவிட்டது" என்று என்னைக் கூப்பிடுவார்கள். மண்ணைக் கிளறிப் பார்த்தால் எக்ஸ்கவேற்றரின் வாளி பிய்த்த வேரின் நார்முனை இருக்கும்.

வீட்டு முன் புல்வெளியில் நிற்கும் மரம் யாருடையது?

பல வீடுகளில் முன்புல்வெளியின் வீதியோரப் பகுதி மாநகரத்தின் நிலம். அங்கே நிற்பது மாநகர மரம். எவ்வளவு சிறிதானாலும் தொட வேண்டாம். உங்கள் அளவை வரைபடத்தில் எல்லைக்கோட்டைப் பாருங்கள்.

மார்க்கத்திலும் இதே அளவா?

இல்லை, அங்கே 20 சென்ரிமீற்றர். 1.37 மீற்றர் உயரத்தில் சுற்றளவு 63 சென்ரிமீற்றர் வந்தாலே அனுமதி வேண்டும். ஸ்காபரோவில் வேலை செய்த கொன்றாக்டர் இரு நகரங்களுக்கும் எல்லையான ஸ்டீல்ஸ் வீதியைத் தாண்டியதும் பழைய கணக்கையே சொல்வார், கவனம்.

போன கிழமை மூன்று மரங்களில் ஒன்றைத் தறித்துவிட்டோம். அனுமதி எடுக்கவில்லை. யாரோ முறையிட்டிருக்கிறார்கள் போலிருக்கிறது. அடிக்கட்டையை அரைத்து மண் போட்டு மூடிவிடச் சொல்கிறார் கொன்றாக்டர். என்ன செய்வது?

அரைக்க வேண்டாம். அந்தக் கட்டையின் நிலை உங்களுக்குச் சாதகமாகவும் இருக்கலாம். உள்ளே கோறையாகி உக்கியிருந்தால் மரம் நோயோடு நின்றது என்று காட்ட அதுதான் ஒரே சாட்சி. மூடினாலும் மறையாது. வானிலிருந்து எடுத்த படங்களும் வீதிப் படங்களும் இருக்கின்றன. பக்கத்து வீட்டாரின் கைப்பேசியிலும் படம் இருக்கும். ஒளித்தீர்கள் என்று தெரிந்தால் தவறு திட்டமிட்டதாகத் தோன்றும்.

இன்றே வேலையை நிறுத்துங்கள். கட்டையை எல்லாப் பக்கமும் அளவுநாடா வைத்துப் படம் எடுங்கள். தறித்த குற்றிகள் வளவில் கிடந்தால் ஏற்றி அனுப்பாதீர்கள். மரநிபுணர் ஒருவரைக் கொண்டு அறிக்கை எழுதுவியுங்கள். அதிகாரி வந்தால் மரியாதையாகப் பேசுங்கள், பொய் சொல்லாதீர்கள். ஆனால் வாக்குமூலம் எழுதிக் கொடுக்குமுன் சட்டத்தரணியையோ, பராலீகல் எனப்படும் உரிமம் பெற்ற சட்ட உதவியாளரையோ கேளுங்கள். பதில் மரம் நடுவதற்கு எங்கே இடம் இருக்கிறது என்று ஒரு திட்டத்தையும் தயாராக வைத்திருங்கள். பர் ஓக், சீனி மேப்பிள் போன்ற இந்த மண்ணின் மரங்களாக இருந்தால் நல்லது.

மற்ற இரண்டு மரமும் இன்னும் நிற்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். எக்ஸ்கவேற்றர் திரும்பி வருமுன் அவற்றைச் சுற்றிப் பலகை அடித்துவிடுங்கள்.