சிற்றிதழை மின்படிப்பானுக்குக் கொண்டுபோவது: கேள்வி பதில்

கேள்வி: அச்சகத்துக்கு அனுப்பும் பிடிஎஃப் கையில் இருக்கிறது. அதையே வாசகர்களுக்கும் கொடுத்துவிட்டால் என்ன?

பதில்: ஆறு அங்குலத் திரையில் அதைத் திறந்து பாருங்கள். எழுத்து பொடிப்பொடியாகத் தெரியும். பெரிதாக்கினால் வரியின் பாதி திரைக்கு வெளியே போய்விடும். வரிக்கு வரி நகர்த்தி நகர்த்தி யார் ஒரு குறுநாவலைப் படித்து முடிப்பார்? கருவிக்கு ஏற்றது இபப் (EPUB) என்ற மின்னூல் கோப்பு வடிவம். எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமாக மடங்கிக்கொள்ளும். முன்பு அமேசானின் மின்படிப்பானான கிண்டிலுக்கென்று மோபி என்ற வேறு வடிவக் கோப்பைத் தனியாகச் செய்தோம். 2022 முதல் வாசகர் இபப்பையே தன் கிண்டிலுக்கு அனுப்பிக்கொள்ளலாம். ஒரே கோப்பை ஒழுங்காகச் செய்தால் போதும்.

கேள்வி: என் கவிதையின் நீண்ட வரிகளைக் கருவி கண்ட இடத்தில் உடைக்கிறது. படமாக மாற்றிப் போடச் சொல்லலாமா?

பதில்: வேண்டாம். படத்தில் எழுத்தைப் பெரிதாக்க முடியாது. பார்வையற்ற வாசகருக்குத் திரைவாசிப்பான் அதைப் படித்துக் காட்டாது. கவிஞர் முறித்த இடம் எது, இடமில்லாமல் கருவி முறித்தது எது என்று வாசகருக்குத் தெரிந்தால் போதும். அச்சிலும் இதே சிக்கல் இருந்தது. மடங்கிய பகுதியைச் சற்று உள்தள்ளிக் கோத்தார்கள். இபப்பிலும் அதைச் செய்யலாம். ஒவ்வொரு வரியையும் தனிப் பத்தியாக வைத்து, இடது ஓரத்தை இரண்டு எம் (எழுத்தின் அளவோடு சேர்ந்து மாறும் அலகு) கூட்டி, முதல் வரியை அதே அளவு பின்னுக்கு இழுக்க வேண்டும். இடைவெளி விசையைத் தட்டித் தட்டி உள்தள்ளுவதை மட்டும் விட்டுவிடுங்கள், எழுத்தின் அளவு மாறியதும் எல்லாம் கலைந்துவிடும். இந்த ஒரு மணி நேர வேலைக்குச் சோம்பல்படும் இதழ் கவிதை வெளியிடவே கூடாது என்பேன்.

கேள்வி: பழைய இதழ்களெல்லாம் யூனிகோடு என்ற இன்றைய பொதுக் குறியீட்டு முறைக்கு முந்தைய எழுத்துருவில் இருக்கின்றன. என்ன செய்வது?

பதில்: அந்த எழுத்துருக்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்தவை. எழுத்துரு இல்லாத கருவியில் வெறும் குப்பையாகத் தெரியும். மாற்றிக் கருவிகள் உண்டு, ஆனால் நம்பி விட்டுவிடாதீர்கள். பழைய முறையில் 'கொ' என்பது கண்ணுக்குத் தெரியும் வரிசையில் கொம்பு, க, கால் என்று பதிவாகியிருக்கும். யூனிகோடில் க முதலில் வரும். பிசகுவது பெரும்பாலும் அங்கேதான். மேற்கோள் குறிகளும் மாறிப்போகும். அச்சுப் பிரதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மெய்ப்புப் பாருங்கள்.

கேள்வி: அட்டை ஓவியம்?

பதில்: மின்படிப்பான்களின் மின்மை (இ-இங்க்) திரைகளில் பெரும்பாலானவை சாம்பல் நிறம் மட்டுமே காட்டும். கறுப்பு வெள்ளையாக்கிப் பார்த்துவிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். கோட்டோவியங்கள் அழகாக வரும்.

கேள்வி: சந்தாவை மின்கடையிடமே ஒப்படைத்துவிடலாமா?

பதில்: விற்கலாம், ஒப்படைக்கக் கூடாது. 2023-இல் அமேசான் கிண்டில் இதழ்ச் சந்தாக்களை நிறுத்தியது. கிளார்க்ஸ்வேர்ல்டு போன்ற அறிபுனை இதழ்கள், சந்தாதாரர்களின் முகவரிகள் தம்மிடம் இல்லாததால், வேறு வழியில் சேரும்படி அவர்களை வேண்டிக்கொள்ள நேர்ந்தது. எத்தனை கடைகளில் வேண்டுமானாலும் தனி இதழை விற்றுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு இதழின் கடைசிப் பக்கத்திலும் உங்களிடம் நேரடியாகச் சந்தா சேரும் இணைப்பைக் கட்டாயம் வையுங்கள்.