குச்சியை மூன்றாக வெட்டி முக்கோணம் அமைக்கும் நிகழ்தகவு 1/4 ஆ, 0.193 ஆ?

இரண்டும் சரியான விடைகள்தான், ஆனால் வெவ்வேறு கணக்குகளுக்கு. குச்சி எப்படி வெட்டப்படுகிறது என்று பார்க்காமலே படம் வரைந்து பரப்பை வகுப்பதுதான் இங்கே பலரும் செய்யும் தவறு.

குச்சியின் நீளம் 1. இடது முனையிலிருந்து க, ச தொலைவில் வெட்டுகிறோம் (க < ச). மூன்று துண்டுகளும் 1/2-ஐ விடச் சிறியதாக இருந்தால்தான் முக்கோணம் அமையும். அதாவது க < 1/2, ச > 1/2, ச − க < 1/2. க-வைக் கிடையாகவும் ச-வைச் செங்குத்தாகவும் வைத்து வரைந்து பார்த்தால் (0, 1/2), (1/2, 1/2), (1/2, 1) என்ற முனைகள் கொண்ட சிறு முக்கோணம் வரும். அதன் பரப்பு 1/8, மொத்தப் பகுதி 1/2, விகிதம் 1/4. இரண்டு இடங்களையும் ஒன்றையொன்று சாராமல் முதலிலேயே குறித்துவிட்டு வெட்டினால் இது சரி.

“ஒரு இடத்தில் வெட்டு, பிறகு வலப்பக்கத் துண்டை எங்காவது வெட்டு” என்றால் கதை மாறிவிடும். படம் அதேதான், ஆனால் புள்ளிகள் அதில் சீராக விழுவதில்லை. ச-வுக்கு மிச்சமிருப்பது 1 − க நீளம் மட்டுமே என்பதால் அடர்த்தி, அதாவது புள்ளிகள் விழும் நெருக்கம், 1/(1 − க). க = 0.9 என்றால் இரண்டாவது வெட்டு 0.1 நீளத்துக்குள் விழுந்தாக வேண்டும். அங்கே அடர்த்தி 10. நமக்கு வேண்டிய சிறு முக்கோணத்திலோ க 1/2-ஐத் தாண்டாது, அடர்த்தியும் 1-க்கும் 2-க்கும் நடுவில்தான். சீரான பரவலாக இருந்தால் எங்கும் 2 இருந்திருக்கும். விடை 1/4-க்குக் கீழே இறங்குவது இதனால்தான். ஒவ்வொரு க-வுக்கும் ச 1/2-க்கும் 1/2 + க-வுக்கும் நடுவில், அதாவது க நீளத்துக்குள், விழ வேண்டும்; அதை அடர்த்தியால் பெருக்கினால் வரும் க/(1 − க)-வை 0 முதல் 1/2 வரை தொகையிடுங்கள்: 2-இன் இயல் மடக்கை 0.693, அதில் 1/2 போக 0.193.

எப்போதும் நீளமான துண்டையே வெட்டுவது என்றால் விடை இதைப் போல இரு மடங்கு, 0.386. தேர்வில் மூன்று வகையும் வரலாம். வினாவில் வெட்டும் முறை சொல்லப்படாவிட்டால் எதை எடுத்துக்கொண்டீர்கள் என்று விடைத்தாளில் எழுதிவிடுங்கள். பிரெஞ்சுக் கணிதவியலாளர் பெர்ட்ராண்ட் 1889-இல் வட்டத்தின் நாணை வைத்துக் காட்டியதும் இதே சிக்கல்தான்: வட்டத்துக்குள் வரையும் சமபக்க முக்கோணத்தின் பக்கத்தைவிட நாண் நீளமாக இருக்கும் நிகழ்தகவுக்கு, நாணைத் தேர்ந்தெடுக்கும் முறைக்கேற்ப 1/3, 1/2, 1/4 என மூன்று விடைகள்.

நிரல் எழுதுபவர்கள் இதே இடத்தில் இன்னொரு விதமாகச் சறுக்குகிறார்கள். வட்டத்துக்குள் சமவாய்ப்பாகப் புள்ளி எடுக்க, கோணத்தையும் மையத்திலிருந்து தொலைவையும் சீராக எடுத்தால் புள்ளிகள் மையத்தில் குவியும். பாதி ஆரத்துக்குள் பரப்பில் கால் பங்குதான் இருக்கிறது, ஆனால் புள்ளிகளில் பாதி அங்கே போய்விடும். 0-க்கும் 1-க்கும் இடையே ஒரு சமவாய்ப்பு எண்ணை எடுத்து, அதன் வர்க்கமூலத்தை ஆரத்தால் பெருக்கித் தொலைவாக வைத்தால் சரியாகிவிடும்.