ஏழாம் மாதத்தில் செத்த கன்று: பாலைக் குடிக்கலாமா?

கேள்வி: எங்கள் ஜேர்சிக் கலப்புப் பசு ஏழாம் மாதத்தில் செத்த கன்று போட்டது. இளங்கொடி விழவில்லை. இவர் கையை விட்டு இழுத்தெடுத்து, சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிட்டார். பாலை வீட்டுக்கு எடுக்கலாமா? மாட்டை விற்கச் சொல்கிறார்கள். (உரும்பிராய்)

பதில்: அம்மா, நீங்கள் பாலைப் பற்றிக் கேட்கிறீர்கள். எனக்கு அதைவிட உங்கள் கணவரின் கைதான் கவலை. ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு சினை அழிந்து, இளங்கொடியும் தங்கினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது புரூசெல்லோசிஸ், மாட்டிலிருந்து மனிதருக்கும் தொற்றும் கிருமி நோய். எலிக்காய்ச்சல் கிருமியும் இப்படிச் செய்யும். பார்த்த மாத்திரத்தில் பிரிக்க முடியாது. இரத்தம் சோதிக்க வேண்டும். இப்போது இல்லை என்று வந்தாலும் மூன்று வாரம் கழித்து மறுபடி எடுக்கச் சொல்லுங்கள், சினை அழிந்த கையோடு சில மாடுகளில் தெரியாது.

புரூசெல்லா கிருமி மிக அதிகமாக இருப்பது இளங்கொடியிலும் கன்றோடு வரும் நீரிலும்தான். கையில் சின்னக் கீறல் போதும். இவருக்கு அடுத்த சில வாரங்களில், ஏன் சில மாதம் கழித்துக்கூட, விட்டுவிட்டுக் காய்ச்சல், இரவில் வியர்வை, இடுப்பு மூட்டு நோவு, விதை வீக்கம் வந்தால் உடனே வைத்தியசாலைக்குப் போகட்டும். நம்மூரில் காய்ச்சல் என்றால் டெங்குதான் நினைவுக்கு வரும். அதனால் மாட்டு விஷயத்தை வைத்தியரிடம் தாமாகவே சொல்ல வேண்டும். மருந்து உண்டு, ஆனால் ஆறு வாரமாவது விடாமல் எடுக்க வேண்டும். இடையில் நிறுத்தினால் திரும்பி வரும்.

ஆலமரத்தில் கட்டுவது நம் வழக்கம், நல்ல ஈற்றில் கட்டுங்கள், குறை சொல்லமாட்டேன். இதை மட்டும் கையுறை போட்டு இறக்கி, நாய் தோண்டாத ஆழத்தில் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். கர்ப்பிணிகள் கொட்டில் பக்கம் போகவேண்டாம்.

சரி, பால். சோதனை முடிவு வரும்வரை விற்க வேண்டாம். வீட்டுக்கென்றால் நன்றாகப் பொங்கக் காய்ச்சினால் கிருமி செத்துவிடும். கறந்த சூட்டோடு பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பச்சைப்பால்தான் ஆபத்து. காய்ச்சாத பாலில் உறையூற்றிய தயிரையும் நம்பாதீர்கள்.

மாட்டை விற்பதா? நோய் உறுதியானால் மாட்டுக்கு வைத்தியம் இல்லை, உண்மைதான். ஆனால் சொல்லாமல் விற்றால் நோய் அடுத்தவர் பட்டிக்குப் போகிறது. தனியே கட்டி, கால்நடை வைத்தியர் சொல்வதைச் செய்யுங்கள். நாகு கன்றுகள் இருந்தால் எட்டு மாதம் ஆவதற்குள் தடுப்பூசி பற்றியும் அவரிடமே கேளுங்கள். அது உயிருள்ள கிருமி, தவறிக் கையில் குத்தினாலும் நோய் வரும், மற்றவர்கள் போடக்கூடாது.