மலையேறப் போறீங்ளா, மொதல்ல முழங்கால கேட்டுக்கோங்க

எல்லாருக்கும் வணக்கமுங்க. நமக்கு ஊத்துக்குளி பக்கம். பங்குனி உத்திரத்துக்கு கொடுமுடி தீர்த்தம் எடுத்துட்டு பழனிக்கு நடக்கற கூட்டத்துல 20 வருசமா இருக்கறேன், மத்த நாள்ல ஒறம்பரைகள (சொந்தக்காரங்கள) வேன்ல ஏத்திட்டு மலை மலையா சுத்தறதே பொழப்பா போச்சு. சந்தேகம் இருந்தா கேளுங்கன்னு சொன்னதுக்கு இத்தன பேரு கேப்பீங்கன்னு நெனைக்கலீங்க. தெரிஞ்சத சொல்றேன்.

கேள்வி (அவிநாசி அக்கா): மெட்ராஸ்ல இருந்து நாத்தனார் குடும்பம் வர்றாங்கண்ணா, மாமியாருக்கு 72 வயசு, முழங்கால் வலி வேற. ஒரே நாள்ல பழனி, மருதமலை, சென்னிமலை மூணும் பாத்தர்லாமா?

பதில்: பாத்தர்லாமுங்க, சாமிய இல்ல, ரோட்ட. மருதமலை கோயமுத்தூருக்கு மேக்கால, சென்னிமலை ஈரோட்டு பக்கம், பழனி தெக்க கெடக்குது, மூணையும் ஒரு நாள்ல வச்சா அந்தம்மா காலைல இருந்து ராத்திரி வரைக்கும் வண்டிக்குள்ளயே காலத் தொங்க போட்டு உக்காந்து கால் வீங்கிப் போயிரும். பழனிய தனி நாளா வச்சுக்கோங்க. 693 படி அவங்களுக்கு வேண்டாம், விஞ்சும் (தண்டவாளத்துல கம்பி கட்டி இழுக்கற பெட்டி) ரோப் காரும் இருக்கு. ரோப் கார் சட்டுனு மேல கொண்டுபோயிரும், ஆனா காத்து பலமா அடிச்சா நிறுத்திருவாங்க, மாசத்துல ஒரு நாள் பராமரிப்பு, வருசத்துல ஒருக்கா ஒரு மாசத்துக்கு மேலயே மூடிருவாங்க, அதனால விஞ்ச நம்பி போங்க. 2023 அக்டோபர்ல இருந்து மேல செல்போன் கொண்டுபோகக்கூடாது, கீழயே குடுத்துட்டு டோக்கன் வாங்கோணும். இதுல ஒரு சங்கடம் என்னன்னா கூட்டத்துல ஆளு தவறிட்டா கூப்புட வழியில்ல, எங்க வந்து நிக்கறதுன்னு கீழயே பேசி வச்சுக்கோங்க. போன தடவ எங்க சித்தப்பாவ ஒரு மணி நேரம் தேடினோம், மனுசன் பிரசாத ஸ்டால் வரிசைல நிம்மதியா நின்னுட்டிருந்தாரு.

அடுத்த நாள் சென்னிமலையும் காங்கேயம் பக்கத்து சிவன்மலையும் சேத்து போங்க, ரெண்டுக்கும் மேல வரைக்கும் ரோடு இருக்கு, தொலவும் அதிகமில்ல. மருதமலைய இன்னொரு பயணத்துக்கு வைங்க. அங்கயும் கோயில் பஸ் மேல போகுது, ஆனா அதுக்கப்புறமும் கொஞ்சம் படி இருக்கு, கூட்டமான நாள்ல சொந்த வண்டிய மேல விடமாட்டாங்க.

கேள்வி (அதே அக்கா): சிவன்மலைல ஏதோ பெட்டி இருக்காமே?

பதில்: ஆண்டவர் உத்தரவுப் பெட்டிங்க. யாராவது ஒரு பக்தர் கனவுல சாமி வந்து இந்தப் பொருள வைன்னு சொல்லும், அவங்க கோயில்ல வந்து சொல்லுவாங்க, சாமிகிட்ட பூ போட்டு கேப்பாங்க, உத்தரவு கெடச்சா அந்தப் பொருள கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சிருவாங்க. அடுத்த கனவு யாருக்கு எப்ப வருதோ அது வரைக்கும் அதேதான். தண்ணி வச்சப்ப சுனாமி வந்துச்சு, மஞ்சள் வச்சப்ப வெல ஏறுச்சுன்னு சொல்லுவாங்க. எங்கூட்டு பக்கத்துல ஒரு மஞ்சக் காட்டுக்காரரு பெட்டிய பாத்துட்டுத்தான் மண்டிக்கு மூட்டை அனுப்புவாரு. நம்பறதும் நம்பாததும் உங்க இஷ்டம், பாக்காம மட்டும் எறங்கிராதீங்க.

கேள்வி (சூலூர் தம்பி, 24 வயசு): அண்ணா, வெள்ளியங்கிரி மொதத் தடவ போறோம், ஃப்ரெண்ட்ஸ் 6 பேரு. ஜிம்முக்கு எல்லாம் போறோம், பயிற்சி ஏதாச்சும் வேணுமா?

பதில்: ஜிம்முக்கு போறவன்தான் தம்பி மூணாவது மலைல உக்காந்துக்கறான், 60 வயசுப் பெரியவரு மூங்கித் தடிய ஊனிட்டு சிவசிவான்னு தாண்டிப் போயிட்டே இருப்பாரு. பிப்ரவரில இருந்து மே கடைசி வரைக்கும்தான் விடுவாங்க, மத்த மாசத்துல வனத்துறை ஏறவே விடாது. கோயமுத்தூர் பக்கம் பூண்டி அடிவாரத்துல இருந்து ஏழு மலை, ஒரு வழிக்கு ஏறக்குறைய 6 கிலோமீட்டர். கேக்கறதுக்கு கம்மியா இருக்கும், போக மட்டும் 5 மணி நேரம் வச்சுக்க.

மொத மலைலயே ஆள சோதிச்சிரும், வெள்ளை விநாயகர் கோயில் வர்ற வரைக்கும் செங்குத்தா கல்லுப் படி. அங்கயே மூச்சு வாங்கி நெஞ்சு அடைக்கற மாதிரி இருந்தா வெக்கப்படாம திரும்பிரு. சீசனுக்கு சீசன் மேல உசுரு போறத பேப்பர்ல பாக்கறோம், அதுல சின்ன வயசுக்காரங்களும் இருக்காங்க. இருதயம், ஆஸ்துமா, பிரஷர் இருக்கறவங்க வேண்டாம்னு வனத்துறையே சொல்லுது. அதுக்கப்புறம் பாம்பாட்டி சுனை, கைதட்டி சுனைன்னு தண்ணி கெடைக்கற எடம் வரும், நடுவுல கொஞ்சம் சமமா நடக்கலாம், ஆறாவது மலைல ஆண்டி சுனைல குளிக்கறவங்க குளிப்பாங்க, தண்ணி ஐஸ் மாதிரி இருக்கும். ஏழாவதுதான் சுயம்பு லிங்கம் இருக்கற மலை, மரமே இல்லாத வழுக்குப் பாறை, காத்து ஆளத் தள்ளும். வெயில் தெரியாதுன்னு ராத்திரில ஏறறாங்க, சரிதான், ஆனா விடியக்காலம் மேல நிக்கறப்ப பல்லு தந்தியடிக்கும், ஒரு ஸ்வெட்டரும் தலைக்கு துண்டும் எடுத்துக்க. டார்ச் ஆளுக்கு ஒன்னு, செல்போன் லைட்ட நம்பாத. அடிவாரத்துல பைய தொறந்து பாப்பாங்க, பிளாஸ்டிக் கவர்ல இருக்கற தீனியெல்லாம் பேப்பர்ல மாத்திக்கோணும்.

எல்லாத்தையும் விட முக்கியம் எறங்கறது. நான் மொதத் தடவ போனப்ப ஏறினதுல ஒன்னும் தெரியல, எறங்கறப்ப குடுகுடுன்னு ஓடி வந்தேன், நாலாவது மலைல தொடை நடுங்க ஆரம்பிச்சுது, ஷூ கொஞ்சம் டைட்டு வேற, ஊட்டுக்கு வந்து பாத்தா ரெண்டு கட்டை விரல் நகமும் கறுத்துப் போயி கெடக்குது, ஒரு வாரம் மாடிப்படி எறங்கறதுக்கு பின்னாடி திரும்பி எறங்கினேன். நகத்த ஒட்ட வெட்டிட்டுப் போ, ஏற 5 மணி ஆச்சுன்னா எறங்க 4 மணியாவது குடு. பயிற்சின்னா ஒரு மாசத்துக்கு முன்ன மருதமலைல 837 படி ஏறு, அடுத்த வாரம் சென்னிமலைல 1320. இந்த ரெண்டையும் உக்காராம ஏறி எறங்கினா தெம்பு இருக்குன்னு அர்த்தம்.

கேள்வி (கரூர், வாத்தியார் ஒருத்தர்): கோயிலுக்கு இல்லைங்க, பழைய கல்வெட்டு இருக்கற மலையா ரெண்டு சொல்ல முடியுமா?

பதில்: உங்க ஊருக்குப் பக்கத்துலயே தங்கத்த வச்சுட்டு கேக்கறீங்களே சார். வேலாயுதம்பாளையம் ஆறுநாட்டான் மலை, புகழூர் கல்வெட்டுன்னு சொல்றது அதுதான். மேல முருகன் கோயில், சனம் நேரா அங்க போயிரும், குகைப்பக்கம் திரும்பறதே இல்ல. அங்க தமிழி எழுத்துல (ரொம்பப் பழைய தமிழ் எழுத்து), கோ ஆதன் செல்லிரும்பொறை, அவரு மகன் பெருங்கடுங்கோ, அவரு மகன் இளங்கடுங்கோன்னு சேரர் மூணு தலைமுறை வரிசையா வெட்டியிருக்கு, சமணத் துறவிக்கு கல்லுப் படுக்கை செஞ்சு குடுத்ததுக்காக. பதிற்றுப்பத்துல பாடின அரசர்களோட ஒத்துப் பாக்கறதுக்கு கெடச்ச நேரடி ஆதாரம். இன்னொன்னு ஈரோட்டு பக்கம் அறச்சலூர் நாகமலை. த, தை, தான்னு எழுத்த கட்டங்கட்டமா வெட்டி வச்சிருக்காங்க, இடமிருந்து வலமா படிச்சாலும் மேலிருந்து கீழ படிச்சாலும் ஒன்னா வரும். இசைக்கான எழுத்துன்னு சொல்றாங்க. காலைலயே போயிருங்க, சாஞ்ச வெயில்ல வெட்டு நல்லாத் தெரியும், உச்சி வெயில்ல வெறும் பாறைதான்.

கேள்வி (பெருந்துறை, புதுசா கண்ணாலமானவங்க): கொல்லிமலைக்கு பைக்ல போலாமா?

பதில்: காரவள்ளி வழில 70 கொண்டை ஊசி வளைவு, பைக்ல போறது சொகந்தான், மழ பேஞ்ச ஒடனே மட்டும் வேண்டாம். மேல கோயில்ல அறப்பளீஸ்வரர கும்புட்டுட்டு ஆகாயகங்கை அருவிக்கு எறங்குவீங்க பாருங்க, அங்கதான் சூட்சுமம். மத்த மலைல ஏறிட்டு எறங்குவோம், இங்க ஆயிரத்துக்கு மேல படி எறங்கிட்டு குளிச்சு ஈரத்துணியோட ஏறோணும். புதுப்பொண்ண முன்னால உட்டு மெதுவா வாங்க, எனக்கு முடியலன்னு அவங்க சொல்றதுக்கு முன்ன நீங்க சொல்லிருங்க, காலத்துக்கும் நல்லது. ஆடி 17, 18ல அந்த மலைய ஆண்ட வல்வில் ஓரிக்கு விழா, ரூமே கெடைக்காது.

கேள்வி (கோபி): பண்ணாரி கும்புட்டுட்டு அப்படியே திம்பம் ஏறலாமா?

பதில்: பகல்ல ஏறுங்க. 27 வளைவு, புலிகள் காப்பகம், ராத்திரில வண்டி விடமாட்டாங்க. புத்துமண்ணுதான் அங்க திருநீறு, மறக்காம வாங்கிக்கோங்க.

கேள்வி (தாராபுரம்): ஊட்டிக்கு இ-பாஸ் இன்னும் இருக்கா?

பதில்: 2024 மே மாசத்துல இருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இருக்குங்க, கெளம்பறதுக்கு முன்ன போட்டுருங்க. மேட்டுப்பாளையம் மலை ரயில்னா ரொம்ப முன்னாடியே புக் பண்ணோணும், ஏற அஞ்சு மணி நேரத்துக்கு பக்கம் ஆகும். போறப்ப ரயில், வர்றப்ப கோத்தகிரி வழி பஸ்ஸு, நான் அப்படித்தான் போவேன்.

கேள்வி (பொள்ளாச்சி கண்ணு ஒருத்தி): வால்பாறைக்கு எங்க நாய்க்குட்டியையும் கூட்டிட்டு போலாமா மாமா?

பதில்: வேண்டாஞ்சாமி. தேயிலைக் காட்டுக்குள்ள சிறுத்தை இருக்கு, அதுக்கு நாய்னா தனி ருசி. 40 வளைவுல அது வாந்தி எடுத்தா தொடைக்கறதும் நீதான். பாட்டிகிட்ட உட்டுட்டு வா.